வீட்டிற்குள் வந்த அலுவலகம்



பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் செல்வதும் பெற்றோர் ஊரில் தனித்திருப்பதும் நம் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. ஆனால் வெளியூர் சென்ற பின்னரும் அலுவலகம் செல்லாமல், தங்கியிருக்கும் அறையிலேயே அமர்ந்து, கண்ணால் கண்டிராத நாட்டிலுள்ள நிறுவனத்திற்காக உழைக்கும் பிள்ளைகளைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. விருத்தாசலத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி என்னை எண்ண வைத்தது. அதையே இத்திங்கள் உங்கள் முன் வைக்கிறேன்.

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்று அழைப்பது வழக்கம். அகல் விளக்குகள், பொம்மைகள், மின்சாரப் பெட்டிகளில் பொருத்தும் பீங்கான் பகுதிகள் எனப் பல பொருள்கள் அங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்குத் துணையாயிற்று. அத்தகைய தொழிற்கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சூளைப் பணி செய்து ஓய்வு பெற்றவர் எனக்கு நெடுநாளைய அறிமுகம். அவருக்கு ஒரே மகன். பொறியியல் படித்துச் சென்னையில் கணிப்பொறி வேலையில் அமர்ந்தவன். பெயர்களைக் கூறுவது முறையன்று. அவர்களுடைய இசைவோடு நடந்ததை மட்டும் கூறுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவ்வில்லம் சென்றிருந்தபோது, அவ்வம்மையார் மகனைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். முகத்தில் மகிழ்ச்சியில்லை. என்னவென்று கேட்டேன்.

"மூன்று நாள் அவனோடு இருந்தேன், ஐயா. மூன்று நாளும் அவன் வாசற்படியைத் தாண்டவில்லை. வேலையும் அந்த அறைக்குள்தான், சாப்பாடும் அந்த அறைக்குள்தான். பொட்டலம் வருகிறது, பிரிக்கிறான், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே உண்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன தம்பி என்று கேட்டேன். தெரியாது என்றான். இரண்டு ஆண்டாக அங்கே இருக்கிறான்!"

மகன் பணியாற்றிய நிறுவனம் சிங்கப்பூரைச் சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டின் பொது முடக்கத்தின்போது சென்னை அலுவலகத்தை மூடிய அந்நிறுவனம், பின்னர் அதைத் திறக்கவேயில்லை. அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே பணியாற்றலாம் என்று கூறிவிட்டது. மகனோ பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பகுதியில், சம்பளத்தில் கணிசமான பங்கை வாடகையாகக் கொடுத்துக்கொண்டு அதே அறையில் இருந்துவிட்டான்.

அம்மையார் தொடர்ந்து கேட்டார்: "வீட்டிலிருந்து வேலை என்கிறார்கள், ஐயா. அது எந்த வீடு? அறைக்குள்ளேயே இருந்து செய்கிற வேலையை, நம் வீட்டு அறைக்குள் இருந்து செய்யக் கூடாதா?"

மிக எளிய கேள்வி. ஆனால் நம் தலைமுறையின் பெற்றோரோ, அதற்கு முந்தைய தலைமுறையின் பெற்றோரோ கேட்டிருக்கவே முடியாத கேள்வி.

ஏன் என்று சற்றே சிந்திப்போம். வேலை என்பது என்றும் ஓர் இடத்தோடு கட்டுண்டிருந்தது. பீங்கான் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். களிமண்ணைக் கரைத்த குழம்பைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் ஓரங்களில் படிந்து உருவம் பெறுகிறது. பிறகு அதனைப் பக்குவமாக உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் சூளையின் வெப்பத்தில் நீராவி எழுந்து பொருள் வெடித்துவிடும். பின்னர் 1,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட வேண்டும். இவற்றுள் எதையும் தொலைவிலிருந்து செய்ய இயலாது. சூளை இருக்கும் இடத்தில்தான் மனிதனும் இருந்தாக வேண்டும். "சூளை மூட்டினால் வீட்டை மறந்துவிட வேண்டும்" என்பார் அந்த முதியவர். பிள்ளை பிறந்த செய்தி வந்தபோதுகூட அவர் நெருப்பின் அருகிலேயே நின்றாராம்.

உள்ளூரில் வேலை கிடைக்காதவர்கள் வேலை இருந்த இடத்தை நோக்கிப் போனார்கள். விருத்தாசலம் ஒரு பெரிய இரயில் சந்திப்பு. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைகளிலும் தண்டவாளங்கள் பிரிகின்றன. 1977-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய வைகை விரைவு வண்டியும் பிற வண்டிகளும் நம் இளைஞர்களைத் தலைநகருக்குக் கொண்டு சேர்த்தன. அவர்கள் போனார்கள், மணியார்டர் வந்தது. அவர்கள் வரவில்லை, கடிதம் வந்தது. இதுதான் நெடுங்காலம் வரை நம் குடும்பங்களின் கதை.

வேலையே மனிதனைத் தேடி வரக்கூடாதா என்ற எண்ணம் முதலில் மேலை நாட்டில் எழுந்தது. 1973-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜாக் நில்லஸ் என்ற அறிஞர், ஊழியர்கள் நகரின் நடுவே குவிவதற்குப் பதிலாகத் தொலைத்தொடர்பின் உதவியால் தங்கள் இருப்பிடத்தின் அருகிலேயே பணியாற்ற முடியுமா என்று ஆராய்ந்தார். அவ்வாண்டில்தான் எண்ணெய் நெருக்கடியும் மூண்டது. 1980-இல் ஆல்வின் டாப்ளர் தமது 'மூன்றாம் அலை' என்ற நூலில், மின்னணுக் கருவிகளின் உதவியால் வீடே மீண்டும் தொழிற்கூடமாகும் என்று எழுதினார். அன்று அது கற்பனையாகவே பட்டது. 2020 மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது, சில நாள்களிலேயே இலட்சக்கணக்கான வீடுகளில் அக்கற்பனை நடைமுறையாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையும், ஊழியர்கள் வீட்டிலிருந்து பணியாற்றுவதற்கு இருந்த பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. சோகோ என்ற கணிப்பொறி நிறுவனம் 2011-ஆம் ஆண்டிலேயே தென்காசிப் பகுதியில் அலுவலகம் அமைத்து, சிற்றூர்ப் பிள்ளைகளை அவர்கள் ஊர்ப் பக்கத்திலேயே பணியில் அமர்த்தியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, தாமும் அமெரிக்காவை விட்டு வந்து தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் வாழலானார். உலகெங்கும் விற்கப்படும் ஒரு பொருளைப் பொதிகை மலையடிவாரத்தில் அமர்ந்தும் உருவாக்கலாம் என்பதை இம்முயற்சி மெய்ப்பித்தது.

அப்படியாயின் அந்தத் தாயின் கேள்விக்கு, "தாராளமாகச் செய்யலாம்" என்று கூறி முடித்துவிடலாமா? அங்ஙனம் கூறத்தான் நானும் வாய் திறந்தேன். ஆனால் சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்து, என்னைத் தடுத்தது.

ஷாங்காய் ஆசியாவின் மாபெரும் நகரங்களுள் ஒன்று. அங்கே பயணச் சீட்டுகளையும் விடுதி அறைகளையும் பதிவு செய்து தரும் சீட்ரிப் என்ற நிறுவனம், தொலைபேசி வழி வாடிக்கையாளர்களுக்கு உதவும் ஊழியர்களை வைத்து 2010 டிசம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கியது. நிக்கலஸ் புளூம் என்ற பொருளாதார அறிஞரும், அந்நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் லியாங்கும் பிறரும் சேர்ந்து அதனை ஆராய்ந்தனர். வீட்டிலிருந்து பணியாற்ற விரும்பியவர்களுள் தகுதியுடைய 249 பேர் தெரிவு செய்யப்பட்டனர். பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து பணியாற்றினர். ஒற்றைப்படையாக இருந்தவர்கள் வழக்கம்போல அலுவலகம் சென்றனர். 9 திங்கள்களுக்குப் பிறகு கணக்குப் பார்த்தபோது, வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 விழுக்காடு உயர்ந்திருந்தது. வேலையை விட்டு விலகியோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது.

இதுவரை கேட்டால் இனிக்கிறது. அடுத்து நடந்ததையும் கேளுங்கள். "இனி விரும்பியவர் விரும்பிய இடத்திலிருந்து பணியாற்றலாம்" என்று நிறுவனம் அறிவித்தபோது, வீட்டிலிருந்து பணியாற்றியவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்திற்குத் திரும்பிவிட்டனர்! நாள்தோறும் பயணத்தில் கழியும் நேரத்தையும் செலவையும் பொருட்படுத்தாமல் திரும்பினர். அவர்கள் கூறிய காரணங்களுள் முதன்மையானது தனிமை. மற்றொன்றையும் ஆய்வாளர்கள் கண்டனர். வீட்டிலிருந்தவர்கள் நன்றாகவே உழைத்தும், அவர்களது திறமைக்கேற்ற அளவில் பதவி உயர்வு கிடைக்கவில்லை. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை போலும்.

இன்னொரு சிறு செய்தியும் இதில் உண்டு. வீட்டிலிருந்து பணியாற்ற விரும்பியவர்களுக்கு அந்நிறுவனம் விதித்த தகுதிகளுள் ஒன்று, வீட்டில் வேலைக்கென்று தனி அறை இருக்க வேண்டும் என்பது. நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தனி அறை எத்தனை இல்லங்களில் உண்டு?

இவற்றையெல்லாம் அந்தத் தாயிடம் எடுத்துக் கூறினேன். "வரட்டும், ஐயா. தனிமை என்றால் இங்கே நாங்கள் இருக்கிறோமே!" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழியில்லை.

மகனும் வந்தான். முதல் மாதம் விழாவாகவே கழிந்ததாம். தாய் மூன்று வேளையும் பார்த்துப் பார்த்துச் சமைத்தார். தந்தை மாடியிலிருந்த சிறு அறையைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். வாடகை மிச்சமாயிற்று. மகன் உடலும் சற்றுத் தேறியது.

இரண்டாம் மாதத்தில் சிறு சிறு முட்கள் தலைகாட்டின. வீட்டில்தானே இருக்கிறான் என்று, ரேஷன் கடைக்கும் மின் கட்டணம் கட்டுவதற்கும் அவனையே அனுப்பினார்கள். அவன் திரையில் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது தாய் காப்பித் தம்ளரோடு பின்னால் வந்து நின்றார். மின்சாரம் நின்றபோது அவன் பதறிய பதற்றம் வீட்டாருக்குப் புரியவில்லை. தெருவில் ஒருவர், "பையனுக்கு வேலை போய்விட்டதா?" என்று வருத்தத்தோடு விசாரித்தார். பெண் வீட்டார் ஒருவர், "மாப்பிள்ளை வீட்டோடுதான் இருக்கிறாராமே" என்று கூறி, பேச்சை மேலே தொடராமல் விட்டுவிட்டார். அலுவலகக் கட்டடமும் வருகைப் பதிவேடும் இல்லாத வேலையை நம் ஊர் இன்னும் வேலையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

மகன் பக்கத்திலும் குறையிருந்தது. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்திற்கு 2 மணி 30 நிமிடம் முந்தியது. அங்கே காலை 9 மணிக்குத் தொடங்கும் வேலைக்கு, இங்கே 6.30 மணிக்கே அமர வேண்டும். அக்கணக்குப்படி மாலை 6 மணிக்கு அங்கே முடியும் வேலை, இங்கே பிற்பகல் 3.30 மணிக்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரவு 10 மணிக்கும் அவன் அறைக்கதவு மூடியே கிடந்தது. உணவுத் தட்டு மாடிக்குப் போய்வந்தது. தாய் ஒருநாள் என்னோடு தொலைபேசியில் பேசினார். அவர் கூறியதை அப்படியே தருகிறேன்.

"சென்னையில் இருந்தபோது இரவில் பத்து நிமிடமாவது என்னோடு பேசுவான், ஐயா. இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கிறான். அந்தப் பத்து நிமிடமும் இல்லாமல் போயிற்று."

அன்பர்களே, இதனை இருமுறை படியுங்கள். ஊர் திரும்பியவன் வீடு திரும்பவில்லை. முன்பு மகன் அலுவலகத்திற்குப் போனான்; இப்போது அலுவலகம் வீட்டிற்குள் வந்து, மகனை அங்கிருந்தே கொண்டு போயிற்று.

ஒருநாள் அது வெடித்தது. உறவினர் வந்திருந்தனர். தாய் மாடிக்குச் சென்று கதவைத் தட்டி, "ஒரு நிமிடம் வந்து முகம் காட்டிவிட்டுப் போ" என்று அழைத்தார். உள்ளே முக்கியமான கூட்டம் நடந்துகொண்டிருந்ததாம். மகன் கதவைத் திறந்து, உறவினர் காதில் விழும்படி, "உங்களுக்குப் புரியவே புரியாதா?" என்று கத்திவிட்டான். அன்றிரவு தாய் உண்ணவில்லை. மகனும் உண்ணவில்லை. மறுநாள் காலையில், "நான் சென்னைக்கே போய்விடுகிறேன்" என்று பெட்டியை எடுத்து வைத்தான்.

அதுவரை ஒன்றும் பேசாதிருந்த தந்தை அப்போது பேசினார். படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் எந்த அறிஞரும் கூறியிராத ஒன்றைக் கூறினார்.

"சூளைக்குள் சரக்கை அடுக்கி வாயை மூடிவிட்டால், முதலாளியே வந்து நின்றாலும் இடையில் திறக்கமாட்டோம். சூடு தணியுமுன் திறந்தால், குளிர்ந்த காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் கீறிப் போகும். இது உன் அம்மாவுக்காகச் சொல்கிறேன். மூடியிருக்கும்போது தட்டாதே. ஆனால் நெருப்பு அணைந்து, சூடும் ஆறிய பிறகும் வாயைத் திறக்காமலே வைத்திருந்தால், அப்புறம் சூளை எதற்கடா? இது உனக்காகச் சொல்கிறேன்."

மகன் பெட்டியைக் கீழே வைத்தான். அன்று மூவரும் அமர்ந்து பேசினார்கள். அப்போதுதான் இரவு 10 மணி வரையில் கதவு மூடிக் கிடந்ததன் காரணமும் வெளிப்பட்டது. வேலைப் பளு மட்டுமன்று, அச்சமும்தான். கண்ணில் படாத ஊழியன், செய்தி வந்தவுடன் விடையளிக்காவிட்டால் சோம்பியிருக்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ, ஆள் குறைக்கும்போது தன் பெயர் முதலில் வந்துவிடுமோ என்ற அச்சம். அதனை அவன் யாரிடமும் கூறியதில்லை. ஷாங்காயில் பதவி உயர்வு இழந்தவர்களின் நிலையும் இத்தகையதே அன்றோ?

இந்த அச்சம் உடலையும் தின்னக்கூடியது. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு அதிகம். இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு அதிகம். ஆதலால் வேலை நேரத்திற்கு வரம்பு வேண்டும் என்பது சோம்பேறிகளின் கோரிக்கையன்று. பிரான்சு நாட்டில் 2017 முதல், வேலை நேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. போர்ச்சுகல் 2021-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின அல்லது நடைமுறைப்படுத்தின. நம் நாட்டில் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே இதற்கென ஒரு தனிநபர் மசோதாவை மக்களவையில் கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை. எனவே சட்டம் செய்யாத வரம்பை இப்போதைக்குக் குடும்பமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அக்குடும்பம் செய்துகொண்ட ஏற்பாடு மிக எளியது. காலை 6.30 முதல் பிற்பகல் 3.30 வரை மாடிக்கதவு மூடியிருக்கும். வீடு இடிந்தாலொழிய யாரும் தட்டுவதில்லை. 3.30-க்குக் கதவு திறக்கும். கணிப்பொறி அறையிலேயே இருக்கும். மகன் மட்டும் கீழே இறங்குவான். இரவு உணவு மூவரும் சேர்ந்துதான். மகன் தன் மேலதிகாரியிடம் தன் வேலை நேரத்தை எழுத்தில் தெரிவித்தான். அவர் முழுவதும் ஒப்பவில்லை. மாதத்தில் சில மாலைகள் அழைப்போம் என்றார். "சில மாலைகள்தானே, போகட்டும்" என்றார் தாய். மாதம் ஒருமுறை சென்னை சென்று உடன் பணியாற்றுவோரைச் சந்தித்து வருவதையும் மகன் வழக்கமாக்கிக்கொண்டான். இதுவும் நல்லதே. முன்னர் கூறிய அதே சீன நிறுவனம், பிற்காலத்தில் 1,600-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து மற்றொரு சோதனை நடத்தியது. வாரத்தில் 2 நாள் வீட்டிலும் 3 நாள் அலுவலகத்திலும் பணியாற்றியவர்கள், வேலைத்திறனிலும் பதவி உயர்விலும் பின்தங்கவில்லை என்றும், வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர் என்றும் அதன் முடிவு 2024-இல் வெளிவந்தது. முழுத் தனிமையும் வேண்டாம், முழுப் பயணமும் வேண்டாம் என்பதே இதன் பொருள்.

இனி, நம் இல்லங்களுக்காகச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, பெண்களைப் பற்றியது. வீட்டிலிருந்து பணியாற்றும் மகனுக்கு மாடி அறையும் மூடிய கதவும் கிடைத்துவிடுகின்றன. வீட்டிலிருந்து பணியாற்றும் மருமகளுக்கோ அடுக்களை மேடையின் ஓரம்தான் கிடைக்கிறது. ஓர் இல்லத்தில், மடியில் குழந்தையும் அடுப்பில் குழம்புமாகத் திரையில் பேசிக்கொண்டிருந்த ஒரு சகோதரியைக் கண்டேன். அவருக்கு இரண்டு வேலைகள், ஓய்வு ஒன்றுமில்லை. மகனுக்கு மூடும் கதவு மருமகளுக்கும் மூடட்டும். அவ்வேளையில் குழம்பை யார் கிளறுவது என்பதைக் கணவன்மார் எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, பெருநகர அறைகளில் இன்னும் தனித்திருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. எல்லோராலும் ஊர் திரும்ப இயலாது. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அத்தகைய பிள்ளைகள் பல்லாயிரவர் இருக்கின்றனர். அவர்களோடு தொலைபேசியில் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, "சாப்பிட்டாயா?" என்பதே. அது அன்பின் கேள்விதான். அதனோடு மற்றொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "இன்று யாரையாவது நேரில் பார்த்துப் பேசினாயா?" விடை பல நாள்கள் தொடர்ந்து "இல்லை" என்று வருமாயின், கவலைப்படுங்கள். உடனே புறப்பட்டுச் சென்று பார்த்து வாருங்கள். பிள்ளைகளே, நீங்களும் நாளொன்றுக்கு ஒருமுறையாவது அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிறன்று கணிப்பொறிக்கும் ஓய்வு கொடுங்கள்.

மூன்றாவது, ஊராரைப் பற்றியது. கதவுக்குப் பின்னால் அமர்ந்து செய்வதும் உழைப்பே. அதனை ஏளனம் செய்யாதிருப்போம். அவ்வாறே, திரைமுன் அமர்ந்து உழைப்பவர்களும் ஒன்றை மறக்க வேண்டா. உலகில் பெரும்பாலான வேலைகள் இன்றும் தொலைவிலிருந்து செய்ய முடியாதவை. செவிலியர், ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர், உழவர், சூளைத் தொழிலாளர் ஆகியோர் தாம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதால்தான் நாம் வீட்டில் அமர்ந்திருக்க முடிகிறது. கணிப்பொறிக்கு வரும் மின்சாரமும் நெய்வேலியைப் போன்ற இடங்களில் எவரோ இரவு விழித்து உழைத்ததன் பயனே.

சென்ற திங்கள் மீண்டும் அவ்வில்லம் சென்றிருந்தேன். பிற்பகல் 3 மணி இருக்கும். தாய் என்னைத் தாழ்ந்த குரலில் வரவேற்று, மாடியைச் சுட்டிக்காட்டி, "இன்னும் அரை மணி" என்றார். பேசிக்கொண்டிருந்தோம். பெண் வீட்டார் எவரும் இன்னும் வந்து சேரவில்லை என்றார். அந்நிறுவனம் சென்னையில் மீண்டும் அலுவலகம் திறக்கப் போவதாக ஒரு பேச்சு இருக்கிறதாம். அப்படித் திறந்தால் மகன் போக வேண்டியிருக்கும். "போனால் போகட்டும், ஐயா. போகும் வரையில் இருக்கிறான் அல்லவா?" என்றார்.

3.30 மணியானதும் மாடியில் கதவு திறக்கும் ஓசை கேட்டது. முதியவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தந்தையும் மகனும் மாலையில் சற்று நடந்துவிட்டு வருவது இப்போது வழக்கமாம். இருவரும் தெருவில் இறங்கினர். தாய் வாசலில் நின்று, அவர்கள் திரும்பும் திருப்பம் வரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இப்படி ஒரு கதவு இருக்கலாம். அது எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று இன்றிரவு உணவின்போது சேர்ந்து அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த திங்கள் மற்றொரு பொருளோடு சந்திப்போம்.